'போயிருந்தேன்' என்றால் 'ஹேட் கான்' தானா?

கேள்வி: அலுவலக மெயிலில் 'ஐ ஹேட் கான் டு த மீட்டிங் லாஸ்ட் வீக்' என்று எழுதினேன். மேலாளர் 'ஹேட் கான்' என்பதை அடித்துவிட்டு 'வென்ட்' என்று திருத்தினார். "போன வாரம் போயிருந்தேன்" என்றுதானே சொல்ல வந்தேன்? ஹேட், ஹேவ் எல்லாம் எங்கேதான் வரும்?

பதில்: திருத்தம் சரிதான். தமிழில் 'போன வாரம் போயிருந்தேன்' என்பது தனியாகவே நிற்கும். போய்விட்டுத் திரும்பியாயிற்று என்பது அதிலேயே புரியும். ஆங்கிலத்து 'ஹேட் கான்' அப்படித் தனியாக நிற்காது. கடந்த காலத்தில் ஒன்று நடப்பதற்கு முன்பே இன்னொன்று முடிந்துவிட்டது என்று காட்டத்தான் அது. உங்கள் வாக்கியத்தைப் படிப்பவர் 'எதற்கு முன்னால்?' என்று தேடுவார்.

இதைப் பாருங்கள்: 'வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.' நான் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. இதில் ஹேட்டை எடுத்துவிட்டு 'த ட்ரெயின் லெஃப்ட்' என்று மட்டும் எழுதினால், நான் போய்ச் சேர்ந்த பிறகு ரயில் கிளம்பியது என்று ஆகிவிடும். ஒரே ஒரு சொல்லில் ரயிலையே தவறவிடலாம்! 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருக்கும் இடத்தில் எது முதலில் நடந்தது என்பது அவற்றிலேயே தெரிந்துவிடுவதால் ஹேட் பெரும்பாலும் கட்டாயமில்லை.

ஹேவ் வேறு கதை. நடந்தது பழசு, ஆனால் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியது. 'ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்' என்றால் ஃபைல் அனுப்பியாயிற்று, நீங்கள் பார்க்கலாம். அதோடு 'எஸ்டர்டே' சேர்ந்தால் ஹேவ் போய்விட வேண்டும்: 'ஐ சென்ட் த ஃபைல் எஸ்டர்டே.' முடிந்துபோன நேரத்தைச் சொல்லும் சொல்லும் ஹேவும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போகாது. நாள் இன்னும் முடியாததால் 'டுடே' வரலாம். 'ஐ ஜஸ்ட் சென்ட் இட்' என்று ஹேவ் இல்லாமல் யாராவது எழுதினால் திருத்தப் போகாதீர்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் அது சர்வ சாதாரணம்.

அப்புறம், ஹேவ், ஹேட் இரண்டுக்கும் பின்னால் வருவது வினையின் மூன்றாவது வடிவம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள். கோ, வென்ட், கான் என்ற வரிசையில் 'கான்'. அதனால் 'ஹேவ் வென்ட்' தவறு. 'டிட்' வந்தால் முதல் வடிவம்தான்: 'டிட் நாட் கோ'.