கட்டுப்படியாகும் வீடு யாருடைய கவலை?

கேள்வி: குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு என்பது அவர்களுக்குச் செய்யும் உதவிதானே? சொந்த வீடும் நிலையான வருமானமும் உள்ளவர்கள் அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: உதவி என்ற ஒற்றைக் கோணத்தில் பார்ப்பதால்தான் இக்கேள்வி எழுகிறது. வீட்டுச் செலவு குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலகில் பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். வாடகை அதையும் மீறிப் பாதி வருமானத்தை விழுங்கும்போது, கூரை பறிபோய்விடும் என்ற அச்சத்தில் வாடகையை முதலில் எடுத்து வைக்கும் குடும்பம், மருந்திலும் சத்தான உணவிலும் பிள்ளைகளின் படிப்பிலும்தான் கை வைக்கிறது. வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறும் குடும்பத்துப் பிள்ளை, கல்வியாண்டின் நடுவே புதிய வகுப்பில், முன்பகுதி தனக்கு நடத்தப்படாத பாடத்தின் எதிரே விழித்தபடி உட்கார்ந்திருக்கிறது; அடுத்த ஆண்டும் அதே நிலை என்றால் படிப்பின் மீதான பிடிப்பே விட்டுப்போகும்.

சொந்த வீடு உள்ளவர்களையும் இது விட்டுவைப்பதில்லை. நகரத்துக்குள் குடியிருக்க வழியில்லாத செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் துப்புரவுப் பணியாளரும் நாள்தோறும் பல மணி நேரம் பயணம் செய்து களைத்த உடலோடு பணிக்கு வருகிறார்கள். அவர்களை நம்பித்தான் நகரமே இயங்குகிறது.

இதை ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா 1920களிலேயே உணர்ந்தது. வசதி படைத்தவர்களின் வீடுகளுக்குக் கூடுதலாக வரி விதித்து, அந்த வருவாயில் நகராட்சியே குடியிருப்புகளைக் கட்டியது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு மழலையர் பள்ளியும் நூலகமும் பொதுச் சலவைக்கூடங்களும் இருந்தன. இன்று அந்நகரத்தவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நகராட்சியின் வீடுகளிலோ மானியம் பெற்ற வீடுகளிலோ வசிக்கிறார்கள். நடுத்தர வருமானத்தினரும் அவர்களில் அடக்கம் என்பதால், அத்தகைய வீட்டில் குடியிருப்பதை அங்கே யாரும் தாழ்வாக எண்ணுவதில்லை. இதையே அத்திட்டத்தின் பெரிய வெற்றியாக நான் கருதுகிறேன்.

கேள்வி: நகருக்கு வெளியே மலிவான நிலத்தில் கட்டினால் இன்னும் அதிகமான வீடுகளைத் தரலாம் அல்லவா?

பதில்: தரலாம். ஆனால் நிலத்தில் மிச்சமாகும் பணத்தைக் குடியேறும் குடும்பங்கள் பயணச் செலவாகவும் இழந்த வேலையாகவும் ஆண்டுக்கணக்கில் செலுத்த நேரிடுகிறது. வேலைக்கு அருகில் இருந்தாக வேண்டிய கட்டாயத்தால், கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டு மீண்டும் நகரத்தின் நெரிசலான வாடகை அறைக்கே திரும்புபவர்களும் உண்டு. வீடுகளை ஒப்படைக்கும் நாளிலேயே பேருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் இயங்கத் தொடங்காத எந்தத் திட்டத்தையும் நிறைவேறிய திட்டமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.