பைபிளில் வரும் நாபால் என்ற பெயருக்கு 'முட்டாள்' என்றுதான் பொருளா? பெற்ற தாய் அப்படி ஒரு பெயரை வைப்பாளா?

பெயருக்கு 'முட்டாள்' என்று பொருள் சொல்வது தவறில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். அந்த விளக்கத்தைக் கொடுப்பது தாய் அல்ல, மனைவி. அதுவும் ஒரு நெருக்கடியில், தன் வீட்டு ஆட்களின் உயிரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை. இதைக் கவனித்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

கதை 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாபால் மாகோன் ஊர்க்காரன். ஆட்டு மந்தைகள் கர்மேலில். இது எலியாவின் கர்மேல் மலை அல்ல, எபிரோனுக்குத் தெற்கே யூதாவில் இருக்கிற ஊர். அவனுக்கு 3,000 செம்மறி ஆடுகள், 1,000 வெள்ளாடுகள். ராஜா சவுலுக்குப் பயந்து வனாந்தரத்தில் அலைந்துகொண்டிருந்த தாவீதின் ஆட்கள் அந்த மந்தைகளுக்குக் காவலாக இருந்திருக்கிறார்கள். ஆட்டுமயிர் கத்தரிக்கும் நாள் விருந்து நாள். அன்று தாவீது பத்து வாலிபர்களை அனுப்பி, கையில் இருப்பதைக் கொடுக்கும்படி மரியாதையாகவே கேட்கிறான். "தாவீது யார்? எஜமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர்கள் இந்தக் காலத்தில் நிறையப் பேர்" என்று பேசி, வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுகிறான் நாபால். தாவீது 400 பேரோடு வாளைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண் உயிரும் மிஞ்சக்கூடாது என்று சபதம் வேறு.

செய்தி தெரிந்ததும் அபிகாயில் கணவனிடம் சொல்லாமல் உணவுப் பொருட்களைக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு எதிரே போகிறாள். தாவீதின் காலில் விழுந்து அவள் பேசுகிற பேச்சில்தான் 25ஆம் வசனம் வருகிறது: அவன் பெயர் எப்படியோ அவனும் அப்படியே, பெயர் நாபால், அவனோடு நெபாலாவும் (மூடத்தனமும்) இருக்கிறது. நாபால், நெபாலா இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அடுத்த வசனத்தில் 'உம்முடைய எதிரிகள் நாபாலைப்போல ஆகட்டும்' என்கிறாள். நாபால் அப்போது உயிரோடு, வீட்டில் விருந்தில் இருக்கிறான்! இவனைக் கொன்று இரத்தப்பழியைச் சுமக்கும் அளவுக்கு இவன் தகுதியானவன் இல்லை என்று தாவீதை நம்பவைப்பதற்காக, கணவனின் பெயரையே அவள் ஆதாரமாகக் காட்டுகிறாள். இது அகராதி விளக்கம் இல்லை, வாதம். பைபிள் முழுவதிலும் இத்தனை கூர்மையாகப் பேசியவர்கள் குறைவு என்பது என் கருத்து.

அப்படியானால் உண்மையில் அவனுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? ஜேம்ஸ் பார் என்ற எபிரேய அறிஞர் 1969இல் பழைய ஏற்பாட்டுப் பெயர்களைப் பற்றி எழுதியபோது இதை அலசியிருக்கிறார். ஒலியில் ஒத்த வேறொரு வேரிலிருந்து நல்ல பொருளோடு வைத்த பெயராக அது இருந்திருக்கலாம் என்பது அவருடைய யோசனை. அரபியில் இதே மெய்கள் கொண்ட நபீல் என்ற பெயருக்கு 'மேன்மையானவன்' என்று பொருள், நம் ஊர் முஸ்லிம் வீடுகளிலும் வைக்கிறார்கள். இன்னொரு கருத்து, எழுதியவர்களே பெயரை மாற்றினார்கள் என்பது. அதற்கும் முன்னுதாரணம் உண்டு. சவுலின் மகன் நாளாகமத்தில் எஸ்பால், சாமுவேலில் இஸ்போசேத். பாகால் என்ற தெய்வப்பெயர் இருந்த இடத்தில் 'வெட்கம்' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முதல் கருத்துதான் பிடித்திருக்கிறது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அவன் வாழ்க்கை வேறு பொருளுக்குத் தள்ளிவிட்டது என்றால்தான் அபிகாயிலின் பேச்சுக்கு முழு வேகம் கிடைக்கிறது.

இனி சிலேடைக்கு வருவோம். அதிகாரத்தின் அழகே இங்கேதான் இருக்கிறது.

எபிரேயத்தில் முதலில் மெய்யெழுத்துகளை மட்டும்தான் எழுதினார்கள். உயிர்க்குறிகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் சேர்க்கப்பட்டவை. ஆகவே நாபால் என்பது ஏட்டில் ந-ப-ல என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே. அதே மூன்று எழுத்துகளை 'நேபெல்' என்று படித்தால், திராட்சரசம் ஊற்றிவைக்கிற தோல் துருத்தி! 18ஆம் வசனத்தில் அபிகாயில் எடுத்துப்போகும் பொருட்களில் 200 அப்பங்களும், சமைத்த ஐந்து ஆடுகளும், 200 அத்திப்பழ அடைகளும் இருக்கின்றன. அவற்றோடு இரண்டு துருத்தி திராட்சரசமும் இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் நாபாலுக்குத் தெரியாமல் அவள் இரண்டு 'ந-ப-ல'வைக் கடத்திக்கொண்டு போகிறாள்.

அப்புறம் 37ஆம் வசனம். அவள் திரும்பி வரும்போது அவன் ராஜவிருந்து போல விருந்து நடத்தி, நன்றாகக் குடித்திருக்கிறான். காலையில்தான் விஷயத்தைச் சொல்கிறாள். எபிரேயத்தில் அப்படியே படித்தால் 'திராட்சரசம் நாபாலிலிருந்து வெளியேறியபோது' என்று இருக்கிறது. உயிர்க்குறியை மாற்றினால் 'துருத்தியிலிருந்து வெளியேறியபோது'. ரசம் வடிந்த துருத்தி எப்படித் தொய்ந்து கிடக்குமோ அப்படி ஓர் ஆள். உடனே அவன் இருதயம் அவனுக்குள் செத்து, அவன் கல்லைப்போல் ஆகிறான். பத்து நாளில் இறந்துபோகிறான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'வெறி தெளிந்தபின்பு' என்கிறது. பொருள் சரி, ஆனால் துருத்தி போய்விட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது, தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்க வழியே இல்லை.

மூன்றாம் வசனத்தில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. நாபால் காலேபின் வம்சத்தான் என்கிறார்கள். காலேப் என்ற பெயரின் மெய்கள் எபிரேயத்தில் 'நாய்' என்ற சொல்லுக்கும் அவையேதான். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் வம்சத்தை விட்டுவிட்டு 'கூனிகோஸ்', அதாவது நாய்க்குணம் உள்ளவன் என்றே எழுதிவிட்டார்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸும் அதே வழியில் போயிருக்கிறார். எபிரேய ஏட்டிலோ எழுதியிருப்பது ஒன்று, வாசிக்கச் சொல்லும் மரபு வேறு. எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் 'தன் இருதயம் போன்றவன்'. முடிவில் அந்த இருதயம்தான் முதலில் சாகிறது.

இதில் தமிழுக்கு என்று ஒரு சுவாரசியம் இருக்கிறது. தாவீதின் சபதத்தில் மூல மொழி ஆண்களைக் கொச்சையாக 'சுவரில் நீர்விடுகிறவன்' என்கிறது. நாய் என்ற சொல் அங்கே இல்லை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைச் 'சுவரில் நீர்விடும் ஒரு நாய்' என்று ஆக்கியிருக்கிறது. ராஜாக்கள் புத்தகத்திலும் அப்படித்தான், எனவே இங்கே மட்டும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இருந்தாலும் காலேப் வம்சத்தான் வீட்டைப் பற்றிய சபதத்தில் நாய் வந்து நிற்பது அபாரமான பொருத்தம்.

லாபானையும் சொல்லிவிடுகிறேன். ல-ப-ன என்பதைத் திருப்பினால் ந-ப-ல. யாக்கோபின் மாமன் லாபானும் மந்தைக்காரன், உழைத்தவனுக்குக் கூலியில் வஞ்சகம் செய்தவன், ஆட்டுமயிர் கத்தரிக்கப் போன நேரத்தில் ஏமாந்தவன். யூத மரபுரைகளும் இந்த எழுத்துப் புரட்டலைச் சொல்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? வுல்காத்தா என்ற பழைய லத்தீன் வேதாகமம் 25ஆம் வசனத்தில் 'பெயர் நாபால்' என்று வரும் இடத்தில் பெயரை எடுத்துவிட்டு 'ஸ்துல்தூஸ்', மூடன் என்று போட்டது. 'முட்டாள்' என்ற எண்ணம் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் எபிரேயத்தில் இந்தச் சொல் வெறும் அறிவுக் குறைவைச் சொல்வதில்லை. தாவீதின் மகள் தாமார் தன்னைக் கெடுக்க வரும் அண்ணன் அம்னோனிடம், இதைச் செய்தால் நீ இஸ்ரவேலில் நாபால்களில் ஒருவனாக இருப்பாய் என்கிறாள். அம்னோன் அறிவில்லாதவன் அல்ல, சதி செய்து அவளை வரவழைத்தவன். ஏசாயா 32:6 நாபாலின் வேலையைச் சொல்கிறது: பசித்தவனை வெறுமையாக விடுவது, தாகித்தவனுக்குத் தண்ணீரை மறுப்பது. "என் அப்பத்தையும் தண்ணீரையும் எவனுக்கோ கொடுப்பேனா" என்றவன் வேறு யார்? சங்கீதம் 14இல் தேவன் இல்லை என்று இருதயத்தில் சொல்லிக்கொள்பவனும் இதே நாபால்தான், அங்கே தமிழில் 'மதிகேடன்'.

என்னைக் கேட்டால் திருக்குறளின் 'பேதை' இன்னும் நெருக்கமானது. 833ஆம் குறள் நாணாமை, நாடாமை, அன்பின்மை, எதையும் பேணாமை இவற்றைப் பேதையின் தொழில் என்கிறது. நாபால் செய்ததும் இந்த நான்கும்தான். 'முட்டாள்' என்று எழுதினால் வாசிப்பவர் அவன்மேல் இரக்கப்பட்டுவிடுவார், அதனால் அந்தச் சொல்லை நான் தவிர்ப்பேன்.