நகரத்தை ஆட்டோவில் விடலாமா?

கேள்வி: சிவிலைசேஷன் ஃபைவ் என்ற, நாடு கட்டி ஆளும் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறேன். நகரத்து ஆட்கள், நிலத்தில் வேலை செய்யும் வொர்க்கர்கள் எல்லாமே ஆட்டோ, அதாவது கம்ப்யூட்டரே நடத்துகிறது. சண்டையில் பிடித்த நான்கு நகரங்களையும் பப்பெட்டாக (எனக்குச் சொந்தமானாலும் தானே நடக்கும் நகரமாக) வைத்திருக்கிறேன். 200 டர்ன் (ஆட்டச் சுற்று) தாண்டியதும் மகிழ்ச்சி மைனஸில் போய்விட்டது, அறிவியலிலும் கடைசி. நகரங்களைத் தானே சரியாக நடத்தும் மாட் (கேமில் சேர்க்கும் கூடுதல் நிரல்) இருக்கிறது, 700 ரூபாய் என்று நாகர்கோவிலில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்)

வாங்காதீங்க தம்பி. இந்த விளையாட்டுக்கான மாட்கள் கேம் விற்கும் தளமான ஸ்டீமின் வொர்க்‌ஷாப்பில் சும்மாவே கிடைக்கின்றன, சப்ஸ்கிரைப் என்பதை அழுத்தினால் தானாக இறங்கிவிடும். அதை பென்டிரைவில் போட்டுக் காசு கேட்கிறவர், மாட் போட்டு ஆடினால் அச்சீவ்மென்ட் (சாதனைப் பதக்கம்) விழாது என்பதைச் சொல்லவே மாட்டார். இன்னொரு கூட்டம் வாட்ஸாப் குரூப்பில் பாதி விலைக்கு கேம் தருகிறோம் என்று சொல்லி யாரோ ஒருவரின் ஸ்டீம் கணக்கின் பாஸ்வேர்டைத் தருகிறது. நானே ஒரு தடவை 400 ரூபாய் கொடுத்தேன், மூன்றாவது வாரம் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள், போன் போட்டால் எடுப்பதில்லை. வருஷத்தில் சில தடவை ஸ்டீமிலேயே விலை நன்றாக இறங்கும், அதுவரை பொறுங்கள். உங்கள் ஸ்டீம் கணக்குக்கு வரும் ரகசிய எண்ணை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீங்க.

சரி, உங்கள் நகரங்களுக்கு வருவோம். ஆட்களை ஆட்டோவில் விட்டது தப்பில்லை, ஆனால் எதை நோக்கி உழைக்கணும் என்று நீங்கள் சொல்லவில்லை. நகரத் திரையில் ஃபோகஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் உற்பத்தியைக் குறிக்கும் புரொடக்‌ஷனைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் சாப்பாடு தரும் கட்டங்களில் இரண்டு மூன்றை நீங்களே அழுத்திப் பூட்டிவிடுங்கள். டர்ன் முடியும்போது விளையாட்டு முதலில் சாப்பாட்டைக் கணக்குப் பார்க்கிறது, புது ஆள் பிறக்கிறார், அதன் பிறகுதான் உற்பத்தியைக் கூட்டுகிறது. புது ஆள் வயலில் போய் உட்கார்ந்தால் அந்த டர்னின் சாப்பாட்டுக் கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும், அவரால் பலன் இல்லை. ஃபோகஸ் சொன்னபடி சுரங்கம் வெட்டிய குன்றில் உட்கார்ந்தாரோ, 3 சுத்தியல் (உற்பத்தி) அதே டர்னில் வந்துவிடும். ஒவ்வொரு பிறப்புக்கும் இது நடக்கும். இவ்வளவு உபயோகமான விஷயத்தை ஆடுகிறவனுக்குப் புரிகிற மாதிரி விளையாட்டுக்குள் ஓர் இடத்திலும் சொல்லி வைக்கவில்லை. 2010-ல் வந்த கேம், இன்றைக்கும் இதை ஒருத்தர் சொல்லித்தான் இன்னொருத்தர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம்.

அறிவியல் பின்தங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் யுனிவர்சிட்டி. அதில் இரண்டு விஞ்ஞானிகளுக்கு இடம் உண்டு, ஆட்டோ அந்த இடங்களைப் பல நேரம் காலியாகவே வைத்திருக்கும். மேனுவல் ஸ்பெஷலிஸ்ட் கன்ட்ரோலை டிக் செய்துவிட்டு இரண்டையும் நீங்களே நிரப்புங்கள். வொர்க்கர்களையும் ஆட்டோவிலிருந்து எடுங்கள். முடியவில்லையென்றால் ஆப்ஷன்ஸுக்குள் போய், அவர்கள் காட்டை வெட்டக்கூடாது, ஏற்கெனவே செய்ததை மாற்றக்கூடாது என்ற இரண்டையுமாவது டிக் செய்யுங்கள்.

பப்பெட் நகரம் என்பது பாட்டத்துக்கு விட்ட ரப்பர் தோட்டம் மாதிரி. காசு வரும், ஆனால் எந்த மரத்தை எப்படி வெட்டுகிறான் என்று நீங்கள் கேட்க முடியாது. அது பணத்தையே பார்க்கும், வேண்டாத கட்டடத்தையும் கட்டும், அதன் பராமரிப்புச் செலவு உங்கள் தலையில். ஆட்களும் பெருகுவார்கள். பிரின்ஸ் என்ற கடின நிலையில் ஆடினால் நகரத்துக்கு 3, ஆளுக்கு 1 என்று அதிருப்தி கணக்காகும். 8 பேர் உள்ள ஒரு நகரம் 11, உங்களிடம் இருப்பது நான்கு, 44. மைனஸுக்குப் போனதில் ஆச்சரியமே இல்லை.

இதில் வெனிஸ் மட்டும் தனி. 2013-ல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற கூடுதல் தொகுப்பில் சேர்ந்த நாடு அது. வெனிஸாக ஆடினால் புது நகரம் அமைக்கும் செட்லர் கிடையாது, பிடித்த நகரத்தை அனெக்ஸ் செய்யவும் (நேரடி ஆட்சிக்குள் எடுக்கவும்) முடியாது, ஆனால் பப்பெட் நகரத்திலும் காசு கொடுத்துக் கட்டடமோ படையோ வாங்கலாம். வேறு எந்த நாட்டுக்கும் இது இல்லை. இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், யூடியூபில் யாரோ வெனிஸை ஆடிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, என் பப்பெட்டில் வாங்கும் பொத்தான் காணோம், கேமில் ஏதோ கோளாறு என்று கேட்டு நிறைய பேர் எழுதுகிறார்கள். கோளாறு இல்லை. நீங்கள் வெனிஸ் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சேவ் செய்து வைத்திருக்கும் ஆட்டத்தில் அவசரப்பட்டு எதையும் அனெக்ஸ் செய்யாதீங்க, அந்த நகரத்தில் கோர்ட்ஹவுஸ் என்ற கட்டடம் எழும்பும்வரை அதிருப்தி இன்னும் ஏறும். முதலில் லக்‌ஷரி பொருள்களைப் பாருங்கள். ஒரு வகைக்கு 4 மகிழ்ச்சி, அதே வகை இரண்டாவது இருந்தால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. அந்த இரண்டாவதைப் பக்கத்து நாட்டுக்குக் கொடுத்து உங்களிடம் இல்லாத ஒன்றை வாங்குங்கள். மகிழ்ச்சி பிளஸுக்கு வரும்வரை சொந்த நகரங்களில் ஆள் பெருகாமல் தடுக்கும் அவாய்ட் க்ரோத் இருக்கட்டும். வந்ததும் அதை எடுத்துவிட்டு, நான்கில் ஆள் அதிகமுள்ள நகரம் ஒன்றை மட்டும் அனெக்ஸ் செய்து, கையில் காசு இருந்தால் கோர்ட்ஹவுஸை அப்போதே வாங்கிவிடுங்கள்.