கிணறு, குளம், வயல்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வன்னியிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவையாகவே இருந்தமையால், இவ்விதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

கேள்வி: எங்கள் கட்டுக்கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஆனால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறது. மகளின் முன்பற்களில் மண்ணிறக் கோடுகள் தெரிகின்றன. நீர் வடிகட்டும் இயந்திரம் விற்க வந்த ஒருவர், குவளைத் தண்ணீருக்குள் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார்; தண்ணீர் சேறாகிவிட்டது. இவ்வளவு அழுக்கையா குடிக்கிறோம்? கொதிக்கவைத்தால் போதாதா?
– இல்லத்தரசி ஒருவர், செட்டிகுளம்

பதில்: அந்தக் கம்பி வித்தையை முதலில் தீர்த்துவிடுவோம். குவளையில் நீங்கள் கண்ட சேறு உங்கள் கிணற்றிலிருந்து வந்ததன்று; மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாகி அந்த நிறத்தைத் தருகிறது. கனிம உப்புகள் கரைந்துள்ள நீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் நிறம் விரைவாக மாறுகிறது. இயந்திரத்தில் வடித்த நீரில் உப்பு இல்லாமையால் மாறுவதில்லை. அடுத்த முறை அவர் வந்தால், அவருடைய வடித்த நீரிலேயே ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள்.

கேத்தலின் வெள்ளைப் படையும் பல்லின் கோடும் வெவ்வேறு சங்கதிகள். வெள்ளைப் படை என்பது நீரில் கரைந்திருந்த கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் சூட்டில் பிரிந்து படிவது. இதைத்தான் நீரின் வன்மை என்கிறோம். இலங்கைக் குடிநீர்த் தரநிர்ணயம் இதற்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது. சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு வேக நேரமெடுக்கும், தேநீர் சுவைக்காது. ஆனால் வன்மை மட்டும் தனியே நோயைத் தருகிறது என்று நிறுவப்படவில்லை.

நான் கவலைப்படுவது பல்லைப் பற்றியே. மண்ணிறக் கோடுகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாமாதலால் பல் வைத்தியர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்; எனினும் உங்கள் பகுதியில் முதலில் எண்ணவேண்டியது புளோரைட்டு. யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்க, வவுனியாவும் வன்னியின் உட்பகுதியும் மிகப் பழமையான பளிங்குருப் பாறையின் மேல் இருக்கின்றன; அப்பாறையிலுள்ள சில கனிமங்களிலிருந்து புளோரைட்டு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கும்போது இலங்கையின் எல்லை 1.0 மில்லிகிராம்தான். வெப்ப நாட்டில் வெயிலில் வேலை செய்பவர்கள் கூடுதலான தண்ணீர் குடிப்பார்கள், அதனோடு கூடுதலான புளோரைட்டும் உள்ளே போகும் என்பது இதற்கான நியாயம். நிலையான பற்கள் முரசுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரையில்தான் இந்தக் கோடுகள் பதிகின்றன. எனவே தண்ணீரை மாற்றுவதால் மகளின் முன்பற்கள் பழைய நிலைக்கு வரா. வீட்டில் அவருக்கு இளையவர்கள் இருந்தால் அவர்களுடைய பற்களைக் காப்பாற்றலாம்.

கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும்; புளோரைட்டு ஆவியாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். துணி, மண் வடிகட்டி, சாதாரண கரி வடிகட்டி ஆகியவையும் அதைத் தடுக்கமாட்டா. எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) இயந்திரம் நீக்கும். குறைந்த சூட்டில் சுட்ட செங்கல் துண்டுகளை நிரப்பிய எளிய வடிகட்டியும், துண்டுகளைக் காலத்துக்குக் காலம் மாற்றினால், ஓரளவு குறைக்கும். ஆனால் எதையும் வாங்குமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்திலோ வழியைக் கேட்கலாம். மழைக்கு முன் செப்டெம்பர் இறுதியில் ஒருமுறையும், மழை ஓய்ந்த பின் பெப்ரவரியில் ஒருமுறையுமாகச் சோதிப்பதே முறை. மாரியில் எடுத்த ஒரேயொரு மாதிரியை வைத்துக் கிணறு நல்லது என்று எழுதிக்கொடுத்த தாளை நான் நம்பமாட்டேன். கோடை நீளும்போது புதுநீர் ஊறாமல், இருக்கும் நீரே பாறையோடு கிடந்து செறிவடைகிறது. வரட்சி நீள நீள, காலநிலை மாற்றம் உங்கள் குவளைக்குள் வரும் வழி இதுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் என வைத்தால், 5,000 லீற்றர் தொட்டி 200 நாட்களுக்குப் போதும். அதை நிரப்ப ஐம்பது சதுர மீற்றர் ஓட்டுக் கூரைக்கு 100 மில்லிமீற்றர் மழை வேண்டும். சேதாரத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் நல்ல கார்த்திகை மாதமொன்று அதை நிரப்பிவிடும். முதல் மழைநீரைக் கழியவிட்டு, வலையிட்டு, மூடி வைக்கவேண்டும். குளிக்கவும் தோய்க்கவும் கிணறு இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் வயல்வேலை செய்யும் ஆண்கள் பலருக்குச் சிறுநீரக நோய். தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள் சிலர், களைநாசினி என்கிறார்கள் சிலர். எது உண்மை?
– வாசகர் ஒருவர், வவுனியா

பதில்: 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த இந்நோயின் பெயரிலேயே ‘காரணம் அறியப்படாத’ என்ற அடைமொழி இருக்கிறது, அது இன்னும் நீங்கவில்லை. புளோரைட்டும் வன்மையும் சேர்ந்திருக்கும் கிணற்று நீர், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் நீரிழப்போடு வேலை செய்தல் ஆகியவை தனித்தனியாகவும் கூட்டாகவும் சந்தேகிக்கப்படுகின்றன. இலங்கையில் இயற்கை ஊற்று நீரைக் குடிப்பவர்களிடம் நோய் அரிதாகவே காணப்படுவது தண்ணீரைச் சுட்டுகிறது. நிக்கராகுவாவிலும் எல்சல்வடோரிலும் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதனையொத்த நோய் இருப்பதோ வெயிலைச் சுட்டுகிறது. ஒற்றைக் குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று சொல்பவர்களின் உறுதி எனக்கில்லை.

ஆனால் காரணம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்நோய் தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் காட்டாது. கால் வீங்கும்போது காலம் கடந்திருக்கும். வயல்வேலை செய்பவர்கள் ஆண்டுக்கொருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரண்டை, அதாவது குருதியில் கிரியற்றினினும் சிறுநீரில் அல்புமினும், பார்த்துக்கொள்ளவேண்டும். நல்ல தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோய் இடையிடையே குடிக்கவேண்டும். உடல்நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகளுள் பல சிறுநீரகத்துக்குக் கேடு செய்பவை. நீரிழந்த உடலில் அந்தக் கேடு இன்னும் அதிகம்.

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்காலின் கடைப்பகுதியில் வயல் செய்கிறேன். பெய்யவேண்டிய மழை பெய்துவிட்டது என்கிறார்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதவில்லை, சப்பி நெல்லும் கூடுகிறது. இது காலநிலை மாற்றமா, நிர்வாகக் குறையா?
– கமக்காரர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: இரண்டும். ஆண்டு மழையின் கூட்டுத்தொகை குளத்தை நிரப்புவதில்லை. அது எப்படிப் பெய்கிறது என்பதே நிரப்புகிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, பெய்யாதபோது நிலத்தைக் கூடுதலாக உலர்த்துகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று கதவுகளைத் திறந்து விட்ட நீர் சுண்டிக்குளம் பக்கமாகக் கடலுக்குப் போனது. மழைமானிக் கணக்கில் அந்த மழையும் சேர்ந்தே இருக்கிறது. அதற்கு மறுபுறம், 2016, 2017 ஆம் ஆண்டுகளின் வரட்சி. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால், ஏக்கர் ஒன்றின் நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 20,000 லீற்றர் ஒரே நாளில் போய்விடும். வன்னிக் குளங்கள் ஆழம் குறைந்து அகன்று கிடப்பவை என்பதால் இந்த இழப்பு பெரிது.

சப்பி நெல்லுக்கு வருவோம். நெற்பூ காலையில் விரிந்து ஓரிரு மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. அந்நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிறது; கதிர் நிமிர்ந்தே நிற்கும், மணி இராது. ஏப்ரல், மே மாதங்களில் விதைத்த மூன்று, மூன்றரை மாத நெல் வெப்பமும் வரட்சியுமான கச்சான் காற்றுக் காலத்திலேயே பூக்கிறது. வயலில் நீர் நின்றால் பயிர் நீரை உறிஞ்சி வெளியேற்றித் தன்னைத் தானே ஓரளவு குளிர்வித்துக்கொள்ளும். கடைப்பகுதி வயலில் அப்போதுதான் நீர் இருப்பதில்லை.

ஆகவே நீரைப் பூக்கும் காலத்துக்கு மிச்சப்படுத்தவேண்டும். ஓரடி நீளமான பீ.வீ.சீ. குழாய்த் துண்டொன்றின் கீழ்ப்பாதியில் சுற்றிவரத் துளையிட்டு, அப்பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நாற்று வேரூன்றிய பின், குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் வரை இறங்கிய பிறகே மீண்டும் பாய்ச்சினால் போதும். மேலே வயல் மண் வெடித்ததுபோலத் தெரிந்தாலும் வேருக்கு நீர் கிடைக்கிறது. கதிர் தண்டுக்குள் பருக்கும் குடலைப் பருவம் தொடங்கிப் பால்பிடிக்கும்வரை இதை நிறுத்தி, நீரைத் தேக்கிவைக்கவேண்டும். நீர் நின்ற வயலிலிருந்து எழும் மெதேன் வாயுவும் இம்முறையால் குறைகிறது.

இனி நிர்வாகம். கடைப்பகுதியில் இருக்கும் நீங்கள் மட்டும் குழாய் நட்டு என்ன பயன்? தலைப்பகுதி வயல்கள் மிச்சப்படுத்தினால்தான் உங்கள் வாய்க்காலுக்கு நீர் வரும். சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீரைப் பார்த்துத் தீர்மானித்த ஏக்கருக்கு மேல் யாரும் விதைக்கும்போது, அந்த நீர் கடைசி வயலிலிருந்தே எடுக்கப்படுகிறது. இதைத் தனியாளாகச் சொல்வதைவிட உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டக்குறிப்பில் எழுத்தில் பதியவைப்பது நல்லது.

கேள்வி: வயலுக்குள் சவர் (உப்பு) ஏறிவிட்டது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா?
– பூநகரி வாசகர்

பதில்: ஜிப்சம் மட்டும் போட்டால் சரியாகாது. அது மண்துகளில் ஒட்டியுள்ள சோடியத்தை விடுவிக்குமே தவிர வயலை விட்டு வெளியேற்றாது. வெளியேற்றுவது நல்ல நீரும் வடிகாலும். சாதாரண உப்பேற்றம் மட்டும் இருக்கும் மண்ணுக்கு ஜிப்சமே தேவையில்லை. முதல் மாரி மழையை வரம்புக்குள் தேக்கி, உப்பைக் கரைத்து, வடியவிடுவதை இரண்டு மூன்று தடவை செய்த பின்னரே விதையுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்குகிறது, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம். நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமுமே மிக மென்மையானவை. உவரைத் தாங்கும் இனமாக ஏ.ரீ. 354 பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் ஊரின் பாரம்பரிய நெல்லான மொட்டைக்கறுப்பனைக் கைவிடச் சொல்லமாட்டேன். அதற்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. உவர்நீர்த் தடுப்பணைகள் உடைந்த இடத்தில் இவையெல்லாம் ஓரிரு போகத்துக்கான சமாளிப்பே. கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் அணையைத் திருத்தாமல் விதையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்கிறோம். தோட்டக் கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா?
– முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய்

பதில்: சோதிக்காமல் கரைக்கவேண்டாம். மணல் நிலத்தில் யூரியாவை அள்ளிப்போட்ட பின் பெருமழை பெய்தால், பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக நேரே கிணற்றுக்கு இறங்கும். நிறமோ மணமோ சுவையோ இராது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றலை இழந்து உதடும் நகமும் நீலம்பாரிக்கலாம். அவ்வாறு கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கொதிக்கவைப்பது இங்கும் உதவாது, செறிவைக் கூட்டும். சோதனை முடியும்வரை குழாய் நீரையோ தோட்டத்துக்கு அப்பாலுள்ள, ஏற்கெனவே சோதித்த கிணற்று நீரையோ கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். யூரியாவைச் சிறிது சிறிதாகப் பிரித்து, பெருமழை அறிவிப்பு உள்ள நாட்களைத் தவிர்த்து இடச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கக்கூடிய நிலையிலிருந்தால் அதையே தொடருங்கள். நீங்கள் குடிக்கும் நீரிலுள்ள நைத்திரேற்று தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க அளவு சேர்வதில்லை.