ஆனியன் ரிங்ஸ்: மாவுக்கு முன்னால் வெங்காயத்தைக் கவனியுங்கள்

வணக்கம்.

வீட்டில் ஆனியன் ரிங்ஸ் செய்யும்போதெல்லாம் மூன்று தொல்லைகள். முதல் கடியிலேயே வெங்காயம் முழுசாக உருவிக்கொண்டு வந்துவிடுகிறது, கையில் வெறும் மாவுக்கூடு மிஞ்சுகிறது. எண்ணெயிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருப்பது ஐந்து நிமிடத்தில் தொளதொளத்துப் போகிறது. சில சமயம் மேலே கருத்துவிடுகிறது, உள்ளே வெங்காயம் பச்சையாகவே இருக்கிறது. மைதாவுக்குப் பதில் கடலை மாவு போட்டுப் பார்த்தேன், மாவைக் கெட்டியாகக் கரைத்தேன், சோடா உப்பைக் கூட்டினேன். ஒன்றும் சரிப்படவில்லை. எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. ஏர் ஃபிரையரில் செய்ய முடியுமா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் மாற்றிப் பார்த்ததெல்லாம் மாவை. கோளாறு மாவைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. வெங்காயத்தின் எடையில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். மேல்மாவு மொறுமொறுக்க வேண்டுமென்றால் அதிலுள்ள ஈரம் வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் வெங்காயமோ சூடு பட்டதும் நீராவியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி தங்காமல் வெளியே போக வழி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் எல்லாம்.

முதலில், உருவிக்கொண்டு வரும் பிரச்சினை. நறுக்கிய வளையம் ஒன்றைக் கையில் எடுத்து, உட்புற ஓரத்தை நகத்தால் லேசாகக் கீறுங்கள். கண்ணாடித்தாள் போல ஒரு மெல்லிய சவ்வு எழும்பும். பிடித்து இழுத்தால் வட்டமாக உரிந்து வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் இது உண்டு. வழுவழுப்பாக இருப்பதால் மாவு இதன்மேல் பிடிக்காது. வெங்காயம் வெந்து குழைந்த பிறகும் சவ்வு மட்டும் நார்போல் நிற்கும். பல்லில் அறுபடாமல் மொத்த வளையத்தையும் இழுத்து வருவது இதுதான். ஒவ்வொரு வளையத்திலும் இதை உரித்துவிடுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு மாவில் என்ன வித்தை செய்தாலும் பலன் இல்லை.

உரிய மறுத்தால் இன்னொரு வழி உண்டு. வளையங்களைப் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்து, நன்றாக உறைந்ததும் வெளியே எடுத்து இளக விடுங்கள். உள்ளே இருக்கும் நீர் உறையும்போது செல்கள் உடைந்துவிடுவதால் சவ்வு சுலபமாகக் கழன்று வரும், வெங்காயமும் சீக்கிரம் வேகும், கடித்த இடத்தில் துண்டாகும். ஆனால் இளகும்போது நிறையத் தண்ணீர் விடும். இரண்டு மடங்கு கவனமாகத் துடைக்க வேண்டியிருக்கும்.

வெங்காயம் பெரியதாக, கெட்டியாக, கழுத்து காய்ந்ததாக இருக்கட்டும். முளை விட்டது வேண்டாம். தோலை அடுத்துள்ள முதல் அடுக்கு தடித்து நாராக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் குறுக்கே வெட்டுங்கள். அதில் பாதித் தடிமனுக்கு வெட்டினால் எண்ணெயில் சுருங்கிக் கூடு காலியாகிவிடும். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் மாவு சிவக்கும் நேரத்துக்குள் உள்ளே வேகாது. இரண்டு அடுக்குகளைச் சேர்த்தே முக்கி எடுத்தாலும் அப்படித்தான், பச்சையாக நிற்கும். அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். நடுவில் வரும் சின்னச் சின்ன வட்டங்களை வேறு சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெங்காயத்தின்மேல் உப்புத் தூவி வைக்காதீர்கள். உப்பு நீரை இழுத்து வெளியே கொண்டுவரும், மாவு வழுக்கிவிடும். பொரிக்கும் முன் உப்பு மாவில் மட்டும் போதும். வளையங்களைத் துணியில் பரப்பி ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். பிறகு இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரில் புரட்டி, நன்றாக உதறுங்கள். இந்த உலர்மாவு மிச்ச ஈரத்தை உறிஞ்சி, கரைத்த மாவு பற்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பைத் தரும். உதறாமல் விட்டால் உலர்மாவே தனி அடுக்காகி, மேல்மாவோடு சேர்ந்து கழன்றுவிடும்.

இனி மாவு. இரண்டு பெரிய வெங்காயத்துக்கு மைதா 100 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், விருப்பப்பட்டால் மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன். இதில் நன்றாகக் குளிர்ந்த, இனிப்பில்லாத சோடாத் தண்ணீர் 180 முதல் 200 மில்லி. முட்டை தேவையே இல்லை. கார்ன்ஃப்ளார் என்று நான் சொல்வது வெள்ளை நிற ஸ்டார்ச்சை, மஞ்சள் சோள மாவை அல்ல. அது இல்லாவிட்டால் அதே அளவு அரிசி மாவு போடலாம், மொறுமொறுப்பு சற்றுக் கரகரப்பாக இருக்கும்.

மைதாவில் தண்ணீர் சேர்த்துக் கலக்கக் கலக்க அதிலுள்ள புரதம் குளூட்டனாகப் பின்னிக்கொண்டு, பொரித்தபின் தோல்போல இழுபடும். குளிர்ந்த தண்ணீர் அதை மட்டுப்படுத்தும். கார்ன்ஃப்ளாரில் குளூட்டனே இல்லை. அதனால் பத்துப் பன்னிரண்டு தடவை கிளறினால் போதும், சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். எண்ணெய் சூடான பிறகுதான் சோடாத் தண்ணீரை ஊற்றுங்கள். முன்கூட்டியே கரைத்து வைத்தால் குமிழிகள் போய்விடும். பதம் எப்படி என்றால், முக்கி எடுத்த வளையத்திலிருந்து மாவு இரண்டு மூன்று விநாடி வழிந்து, பிறகு சொட்டுச் சொட்டாகி நிற்க வேண்டும். நீங்கள் கரைத்த கெட்டி மாவு இதற்கு நேர் எதிர். மேலே சிவந்தாலும் அதன் அடிப்பக்கம் பிசுபிசுவென்று வேகாமல் நிற்கும், ஆவிக்கும் வழி இருக்காது.

சோடா உப்பைக் கூட்டியதுதான் மேலே கருத்ததற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது. அந்தத் தன்மை கூடினால் மாவு சிவப்பது வேகமெடுக்கும், வெங்காயம் வேக நேரம் கிடைக்காது. சோப்பு வாடையும் தட்டும். ஊதா நிற வெங்காயமாக இருந்தால் ஓரம் நீலமாகவோ பச்சையாகவோ மாறுவதையும் பார்க்கலாம். பேக்கிங் பவுடரில் அமிலமும் சேர்ந்தே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கடலை மாவும் மைதாவைவிடச் சீக்கிரம் நிறம் பிடிக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கனமான, ஆழமான வாணலியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ரீஃபைண்டு எண்ணெய் ஊற்றுங்கள், பாத்திரத்தின் பாதிக்குமேல் வேண்டாம். சூடு 180 முதல் 185 டிகிரி. வளையங்களைப் போட்டதும் 170 வரை இறங்கலாம். 160க்குக் கீழே போனால் மாவு ஓடு பிடிக்கும் முன் எண்ணெயைக் குடிக்கும். 195ஐத் தாண்டினால் மேலே மட்டும் கருகும். சமையல் வெப்பமானி வாங்குவது இந்த ஒரு பண்டத்துக்கே தகும். இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, விழுந்தவுடனே பழுப்பேறினால் அதிகம், சற்று அமிழ்ந்து உடனே சீறிக்கொண்டு மேலே வந்தால் சரி.

ஒரு ஈடுக்கு நான்கு வளையங்களுக்குமேல் போடாதீர்கள், சூடு இறங்கிவிடும். மெல்லிய குச்சியில் மாட்டி மாவை வழிய விட்டு, எண்ணெயின் மேற்பரப்பில் இரண்டு விநாடி பிடித்திருந்து பிறகு விடுங்கள். அப்போது ஒன்றோடொன்று ஒட்டாது. கம்பிக்கூடையை முதலிலேயே இறக்கி வைத்தால் மாவு அதில் அப்பிக்கொள்ளும். ஒரு தடவை திருப்பிப் போட்டு, மொத்தம் இரண்டரை முதல் மூன்று நிமிடம். நிறத்தை மட்டும் பார்க்காமல் குமிழியையும் கவனியுங்கள். தொடக்கத்தில் பெரிய குமிழிகள் சடசடவென்று கொதிக்கும், அதெல்லாம் வெளியேறும் தண்ணீர். அவை சிறுத்து, சத்தம் மெலிந்து வரும்போது மேல்மாவு காய்ந்துவிட்டது. பலர் அதற்கு அரை நிமிடம் முன்பே எடுத்துவிடுகிறார்கள், தொளதொளப்புக்கு அதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதி, எடுத்து எங்கே வைக்கிறீர்கள் என்பது. காகிதம் விரித்த தட்டில் குவித்தால் அடியில் ஆவி தங்கி, நீராகி, மாவைத் திரும்ப நனைக்கும். மூடி வைத்தால் இன்னும் மோசம். கம்பித்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் வைத்து, உடனே நைசான உப்பைத் தூவுங்கள். எண்ணெய்ப் பசை காய்ந்துவிட்டால் உப்பு ஒட்டாது. அடுத்தடுத்த ஈடு முடியும்வரை 100 டிகிரி ஓவனில் கம்பித்தட்டோடு வைக்கலாம்.

விருந்தினர் வரும் நாளில் இரண்டு முறை பொரிப்பது நல்லது. முதலில் 165 டிகிரியில் இரண்டு நிமிடம், நிறம் ஏறாமல். எடுத்துப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். பரிமாறும் நேரத்தில் 190 டிகிரியில் முக்கால் நிமிடம். ஆறும்போது வெங்காயத்தின் ஈரம் மெல்ல மேல்மாவுக்கு வரும், இரண்டாம் சூட்டில் அது பறந்துவிடும். ஒரே தடவை பொரித்ததைவிட இது நன்றாகவே தாங்கும்.

ஈடுகளுக்கு நடுவே மிதக்கும் மாவுத் துணுக்குகளை அரித்து எடுங்கள், அவை கருகித்தான் எண்ணெய் கசக்கிறது. ஆறியதும் வடிகட்டினால் இன்னொரு முறை பயன்படுத்தலாம். தப்பித் தவறி எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

ஏர் ஃபிரையரைப் பற்றிக் கேட்டீர்கள். கரைத்த மாவோடு அப்படியே வைத்தால் சரிப்படாது, ஓடு பிடிக்கும் முன் மாவு கம்பி வழியே ஒழுகிவிடும். அதற்கு பிரெட் தூள் முறைதான். மைதா நான்கு மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளார் இரண்டு, சாதாரணத் தண்ணீர் சுமார் 100 மில்லி, கொஞ்சம் உப்புச் சேர்த்து வழவழவென்று கரையுங்கள். உலர்மாவில் புரட்டிய வளையத்தை இதில் முக்கி, உலர்ந்த பிரெட் தூளில் அழுத்திப் புரட்டுங்கள். தூளை முதலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வாணலியில் பொன்னிறமாக வறுத்துக்கொண்டால் நிறம் சீராக வரும். புரட்டிய வளையங்களை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், பூச்சு இறுகும். 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், ஒரே அடுக்காக, பாதியில் ஒரு முறை திருப்பி. எண்ணெயில் பொரித்ததன் மெல்லிய ஓடு இதில் கிடைக்காது, கரகரப்பு கிடைக்கும்.