பொலிஸில் சேர விரும்பும் மகளும் திருகோணமலைத் தாயின் பயமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உயர்தரம் எழுதிய மகள் பொலிஸில் சேரப்போவதாகச் சொன்னதிலிருந்து உங்களுக்கு உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கின் சந்தேகநபர்களான பொலிஸார் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இந்த ஊரில் பிள்ளை வளர்த்த ஒருவரிடம் அதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் மகளை மறிக்காதீர்கள்.

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைது செய்யப்படுபவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. சிங்களம் தெரியாத மூதூர் மீனவருக்கு நள்ளிரவில் சிங்களத்தில் சொல்லப்படும் காரணம் சொல்லப்பட்டதாகுமா? வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டால்தான் அவர் தாம் சொன்னதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட முடியும். அந்த மேசையில் உங்கள் மகள் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரைக்கு விதிவிலக்கே கிடையாது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. மேலதிகாரி கட்டளையிட்டார் என்பதை எதிர்வாதமாக ஏற்கமாட்டார்கள். சீருடை போடும் முன்பே இது மனதில் பதிந்திருக்க வேண்டும்.

நிலாவெளி ஹோட்டலில் பாதுகாப்பு வேலை ஆபத்தில்லாதது என்று உறவினர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அடிப்படை உரிமை வழக்கு பொதுவாக அரச நடவடிக்கைக்கு எதிரானது என்பதால், தனியார் காவலாளி எதையும் செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கைது செய்வதில் அவருக்கு உள்ளது சாதாரண குடிமகனின் அதிகாரம்தான்: தன் கண்முன் பாரதூரமான குற்றம் செய்தவரைப் பிடித்தால் தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். களஞ்சிய அறையில் பூட்டி வைத்து விசாரித்தால் காவலாளிதான் குற்றவாளிக்கூண்டில் நிற்பார். சேர்வதானால், தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த நிறுவனமா என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளைகளோடு வேலை செய்ய மகளுக்கு விருப்பம் என்றால், நன்னடத்தை உத்தியோகத்தர் பதவியையும் யோசிக்கலாம். 2018இலிருந்து 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிப்பார். அந்தப் பிள்ளையின் வீடும் பள்ளியும் எப்படிப்பட்டவை என்பதை மன்றுக்கு எடுத்துச் சொல்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். ஒரு நல்ல அறிக்கை ஒரு சிறுவனை வீட்டுக்கே திருப்பி அனுப்பக்கூடும். இது மாகாண சபையின்கீழ் வரும் சேவை; நம் நகரிலேயே அலுவலகம் இருக்கிறது.

பொலிஸ்தான் என்று மகள் உறுதியாக நின்றால், வர்த்தமானியில் வயதெல்லையையும் உயரத்தையும் சரிபாருங்கள். அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே அவரைச் சிங்கள வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது மகளையும் அழைத்து வாருங்கள். அவரிடம் நேரில் பேச வேண்டும்.