வடிவங்களைத் தேடும் மகளை என்ன படிக்க வைப்பது?

எண் வரிசை, ஓடு பதித்த தரை, எதைப் பார்த்தாலும் உங்கள் மகள் அதிலுள்ள ஒழுங்கைத் தேடுகிறாள். இதற்கு என்ன படிப்பு, பிறகு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. என் பதில் இதுதான்: இளநிலையில் கணிதம் படிக்கட்டும், முதல் ஆண்டிலிருந்தே கணினி நிரல் எழுதவும் பழகட்டும். தரவு அறிவியலை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் கணிதம் முதலில்? ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் நேர்கோடுகளால் இணைக்கச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டக் கூடாது. புள்ளிகள் ஒன்று, இரண்டு என்று கூடக் கூட வட்டம் 1, 2, 4, 8, 16 பகுதிகளாகப் பிரியும். ஆறாவது புள்ளிக்கு 32 என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வருவது 31! கையிலிருக்கும் தரவில் தெரியும் ஒழுங்கைக் கணினி பிடித்துவிடும். அது ஏன் வருகிறது, எங்கே உடையும் என்று சொல்ல நிரூபணம் வேண்டும். அந்தப் பழக்கத்தை வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்வது கடினம். 31ஐப் பார்த்து அவள் “ஏன்?” என்று உட்கார்ந்துவிட்டால், எனக்கு அதைவிட நல்ல அறிகுறி வேண்டாம்.

கணினியும் அதே அளவு முக்கியம். ஒரே அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வராமல் மட்டுமே முடிவில்லாத தளம் முழுவதையும் நிரப்பும் ஒற்றை ஓட்டு வடிவம் உண்டா என்பது பல பத்தாண்டுக் கேள்வி. 13 பக்கமுள்ள அப்படியொரு ஓடு 2023இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டெடுத்த டேவிட் ஸ்மித் கணிதப் பேராசிரியர் அல்ல, ஆர்வலர். நிரூபணத்துக்குக் கணினி அறிவியலாளர் கிரெய்க் கப்லானும் இன்னும் இருவரும் கைகொடுத்தார்கள், கணினியும் உதவியது.

சரி, வேலை? மரபணு வரிசை ஒப்பீடு, மருத்துவப் படங்களை அலசுவது, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம், மோசடிப் பரிவர்த்தனையைக் கண்டறிவது என்று பல துறைகளில் இதே திறமைதான் தேவை. ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால் முனைவர் பட்டம்வரை போக வேண்டியிருக்கும். அதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம்.

நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம் (linear algebra), புள்ளிகளும் இணைப்புகளும் கொண்ட வலைகளை ஆராயும் கோட்டுருவியல் (graph theory) மூன்றையும் அவள் விட்டுவிடக் கூடாது. இப்போதைக்கு, கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964இல் திரட்டத் தொடங்கிய எண் வரிசைக் களஞ்சியத்தை (OEIS) இணையத்தில் காட்டுங்கள்; மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள், இலவசம். அப்புறம், கல்லூரி பார்க்கப் போகும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: கணித மாணவர்களுக்கு நிரலாக்க ஆய்வகம் எந்த ஆண்டில் தொடங்குகிறது?